ஆற்று நீரின் நலம் கூறும் சிற்றுயிர்கள்

பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த கல்லோயா, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, கல்முனைக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. வழியில் பசளையும் கிருமிநாசினியும் ஊர்க்கழிவும் அதனோடு கலக்கின்றன. 2004 டிசெம்பர் 26 இல் கடல் பொங்கியபோது கரையோரக் கிணறுகள் பல உவராயின. கிணறில்லாத இடத்தில் தங்கியிருக்கும் குடும்பத்துக்குக் குளிக்கவும் துவைக்கவும் மாடுகளுக்குக் காட்டவும் வாய்க்கால் நீரே கதி. அந்த நீர் எப்படிப்பட்டது என்று அறிவது எப்படி?

போத்தலில் எடுத்த நீர் அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். நேற்றிரவு ஓடிப்போன நஞ்சு அதில் அகப்படாது. ஆனால் அடித்தளத்தில் வாழும் பூச்சிகளும் புழுக்களும் வாரக்கணக்காக அங்கேயே இருப்பவை. நடந்ததற்கு அவையே சாட்சி.

காரணம் என்ன?

கழிவு அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறைகிறது. பூக்களால் சுவாசிக்கும் உயிர்கள் முதலில் மடியும். சிவப்புப் புழுவின் உடலில் நமது இரத்தத்தில் உள்ளது போன்ற செந்நிறப் பொருள் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். நுளம்புக் குடம்பி நீரின் மேலே வந்து காற்றை எடுப்பதால் சாக்கடையிலும் வாழும்.

செய்யும் முறை

1. உவர்நீர் ஏறும் முகத்துவாரத்தைத் தவிருங்கள். உப்பே பூச்சிகளை விரட்டிவிடும். வெள்ளம் வடிந்த உடனேயும் பார்க்க வேண்டாம்.
2. ஓர் அரிதட்டையோ சிறு வலையையோ நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னுள்ள கற்களையும் மணலையும் காலால் கிளறுங்கள்.
3. அகப்பட்டதை வெள்ளைக் கோப்பையில் நீருடன் கொட்டி, எத்தனை வகை உண்டு என்று எண்ணுங்கள்.

1980 அளவில் பிரித்தானியாவில் ஒவ்வொரு வகைக்கும் 1 முதல் 10 வரை புள்ளி வகுத்தனர். மணலாலும் இலைத்துண்டாலும் கூடு கட்டி வாழும் புழுக்களிற் பலவற்றுக்கு 10, தும்பிக் குடம்பிக்கு 8, நத்தைக்கும் அட்டைக்கும் பெரும்பாலும் 3, சிவப்புப் புழுவுக்கு 2, மண்புழு இனத்துக்கு 1. தும்பி, நத்தை, அட்டை, சிவப்புப் புழு ஆகிய நான்கும் கிடைத்தால் கூட்டுத்தொகை 16. நான்கால் வகுக்கச் சராசரி 4. அந்த அட்டவணை நமது ஆறுகளுக்காக எழுதப்பட்டதன்று. ஆகவே எண்ணைத் தனியே நம்பாமல், குடியிருப்புக்கு மேலே ஓரிடத்தையும் கீழே ஓரிடத்தையும் ஒப்பிடுங்கள். கீழே சராசரி இறங்கினால் இடையில் ஏதோ கலக்கிறது.

நீர் தெளிவாக இருந்தும், நத்தையும் புழுவும் எஞ்சி, பூச்சிகள் மட்டும் அற்றுப்போனால் கிருமிநாசினியைச் சந்தேகியுங்கள். மேல்வயலில் மருந்து அடித்த நாளையும் விசாரியுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. வயிற்றோட்டக் கிருமிகளை இச்சிற்றுயிர்கள் காட்டிக்கொடுக்கமாட்டா. தும்பி நிறைந்த நீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

நாள், இடம், கண்ட வகைகள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் மாதந்தோறும் எழுதிவையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கமநல சேவை நிலையத்திலோ முறையிடும்போது, "தண்ணீர் கெட்டுப்போச்சு" என்ற வாய்ச்சொல்லை விட அந்தக் கொப்பிக்கு மதிப்பு அதிகம்.