கடல் வற்றவில்லை, காட் மீன் எங்கே?

தம்பி,

"அந்த மீன் இப்போதெல்லாம் அகப்படுவதே இல்லை" என்று ஒருவர் சொன்னால், "எல்லாம் கடலம்மாவின் சித்தம்" என்று பக்கத்திலிருப்பவர் பதில் சொல்லிவிடுவார். சித்தம் என்று சொல்லிவிட்டால் சிந்தனைக்கு வேலை இல்லை அல்லவா!

பிறவியிலேயே அரிதான மீன்கள் உண்டு, மறுக்கவில்லை. 1938ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கக் கரையருகே வலையில் சிக்கிய சீலகாந்த் அப்படிப்பட்டது. பருவமடையவே ஏறத்தாழ 50 ஆண்டு, கருச் சுமப்பது 5 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள் ஆய்வாளர்கள். அது பெருகவில்லையே என்று எவரிடம் போய்க் கேட்பது?

ஆனால் காட் மீன்? பெரிய தாய் மீன் ஒன்று, ஒரே பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். கனடாவின் கிழக்கேயுள்ள நியூபவுண்ட்லாந்துக் கடலுக்கு 1497இல் கேபட் சென்று திரும்பியபோது, கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே மீன் ஏறி வரும் என்று பேசிக்கொண்டார்களாம். அந்த மீன்தான் அரிய மீனாயிற்று!

1950களில் வந்தன, கப்பல் வடிவில் தொழிற்சாலைகள். பிடிப்பது அங்கே, அறுப்பது அங்கே, உறைய வைப்பதும் அங்கே. இரவென்று ஓய்வில்லை, பனியென்று தயக்கமில்லை. முட்டையிடத் திரண்ட கூட்டத்தையே வளைத்து அள்ளினர். 1968இல் மட்டும் ஏறத்தாழ 8 இலட்சம் டன்! 1977இல் கனடா 200 மைல் எல்லை வகுத்து, அயல்நாட்டுக் கப்பல்களை விரட்டிற்று. மகிழ்ந்தான் மீனவன். அவன் மகிழ்ச்சி ஆறுமுன், அயலான் விட்ட இடத்தில் உள்நாட்டு முதலாளியின் கப்பல் வந்து நின்றது. கொடி மாறிற்று, கொள்ளை மாறவில்லை.

"மீன் குறைகிறது, அகப்படுவதும் சிறுத்துவிட்டது" என்று கத்தினான், சிறு படகில் செல்லும் கரையோர மீனவன். அதிகாரிகளோ பெரிய கப்பல்களின் கணக்கையும் நம்பி, இருப்பதைவிட மிகுதியாக மதிப்பிட்டனர். இங்கேதான் சூட்சுமம், தம்பி! காட் குறையக் குறைய, எஞ்சியவை ஓரிடத்தில் நெருங்கிக் கூடும். ஒலிக்கருவி கொண்ட கப்பல் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். கப்பலில் வலை நிறைந்தது. ஏட்டில் கடல் நிறைந்தது. கரையில் கூடை காலியாகக் கிடந்தது. ஏட்டை நம்பினார்கள், கூடையை நம்பவில்லை.

1992 ஜூலை 2. காட் பிடிக்கத் தடை! மீனவரும் மீன் ஆலைத் தொழிலாளருமாக ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர். பிழைப்புத் தேடிப் பலர் ஊரை விட்டே போனார்கள். கடல்நீர் குளிர்ந்ததே காரணம் என்றார் சிலர். ஓரளவு உண்மைதான். ஆனால் அந்த மீன் அதற்கு முன் எத்தனை குளிரைக் கண்டு பிழைத்தது!

இரண்டே ஆண்டு என்று சொல்லிப் போட்ட தடை, 32 ஆண்டு நீடித்தது. 2024இல் நீக்கியபோது, அந்த ஆண்டுக்கு அனுமதித்தது 18,000 டன். அந்தப் பிடியிலும் பெரிய கப்பல்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கினார்கள். கரையோர மீனவரின் சங்கம் அதை எதிர்த்து எழுந்தது.