குறைமாதச் சிசுவும் முன்ஜாக்கிரதை மருந்தும்

குறைமாதத்தில் பிறந்த சிசுவுக்கு நோய் உறுதிப்பட்டாலும் படாவிடினும் ஆண்டிபயாடிக் மருந்து கொடுத்துவிடுவதே க்ஷேமம் என்னும் அபிப்பிராயம் வைத்தியர்களிடையே நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. கொடுப்பதால் தீங்கென்ன என்பது அவர்கள் வாதம். தீங்குண்டு என்பதற்கு லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி ஆஸ்பத்திரி என்றோ சாட்சி பகர்ந்துவிட்டது.

பனிக்குடம் உடைந்து ஒரு நாளுக்கு மேல் கழிந்தபின் பிறந்த குறைமாதக் குழந்தைகளை அங்கு நான்கு வகுப்புகளாகப் பிரித்தனர். ஒரு வகுப்புக்கு மருந்தே இல்லை, ஒன்றுக்குக் குளோரம்பெனிகால், ஒன்றுக்குப் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும், கடைசி வகுப்புக்கு இம்மூன்றுமே. 1959-ல் வெளியான முடிவு திடுக்கிடச் செய்வது. மருந்தே பெறாதவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு சிசு இறந்தது. குளோரம்பெனிகால் பெற்ற இரு வகுப்புகளிலும் பாதிக்கு மேல் இறந்தன. அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் சக்தி முதிராத ஈரலுக்கு இல்லை. அது உடலில் தேங்க, சிசுக்கள் சாம்பல் நிறமடைந்து உயிர்விட்டன. மருந்து பெறாத அந்த ஒரு வகுப்பு இல்லாதிருந்தால், பழி முழுவதையும் குறைப்பிரசவத்தின் தலையிலேயே சுமத்தியிருப்பார்கள் அல்லவா?

இன்று வழங்கும் மருந்துகள் வேறு, தீங்கும் மறைவானது. தாயிடமிருந்தும் தாய்ப்பாலிலிருந்தும் வரும் நற்கிருமிகள் சிசுவின் குடலில் குடியேறுமுன் மருந்து அவற்றை அழித்துவிட, வெறுமையான அவ்விடத்தை கிளெப்சியெல்லா போன்ற ஆஸ்பத்திரிக் கிருமிகள் பற்றிக்கொள்கின்றன. 2009-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்று, ரத்தத்தில் கிருமி காணப்படாத மிகச் சிறிய சிசுக்களைக் கணக்கெடுத்தது. ஐந்து நாளோ அதற்கு மேலோ மருந்து பெற்றவற்றிடம் குடல் அழுகும் நோயும் மரணமும் மிகுந்திருந்தன. மருந்தே காரணமென அது அறுதியிடவில்லை; எனினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

நம் தேசத்தின் நிலை மேலும் கவலைக்கிடமானது. 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் மிகுதியாகக் கண்ட அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 100-க்கு 82 பல மருந்துகளுக்கும் அடங்காதவை!

வைத்தியர்களை மட்டும் நோவது நியாயமாகாது. ரத்தத்தில் கிருமி புகுந்த சிசு சில மணி நேரத்தில் மடியக்கூடும். ஆதலால் சந்தேகம் தோன்றியதும் மருந்தைத் தொடங்கவே வேண்டும். கேள்வி, எப்பொழுது நிறுத்துவது என்பதே. எடுத்த ரத்தத்தில் 36 முதல் 48 மணி நேரத்துக்குள் கிருமி வளராமலும், குழந்தை தேறியும் இருந்தால் நிறுத்திவிடலாம். ஆனால் ரத்தத்தைச் சோதித்துச் சொல்லச் சாதனமும் ஆளும் இல்லாத இடத்தில் வைத்தியர் எதை நம்பி நிறுத்துவார்? புதுக் கட்டிடம் திறக்க மந்திரிகளுக்கு நேரம் கிடைக்கிறது. சிசு வார்டுள்ள ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இரவும் பகலும் இயங்கும் சோதனைச்சாலை அமைக்கச் சர்க்கார் பணம் ஒதுக்கட்டும்.