சௌசௌக் கொடியைக் காயிலிருந்தும் தண்டிலிருந்தும் பெருக்குதல்

நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளில் லயங்களின் பின்புறத்திலும் கானோரங்களிலும் சௌசௌக் கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். கோவா, கரட், லீக்ஸ் ஆகியவற்றுக்குப் போகந்தோறும் விதையும் பசளையும் விலைகொடுத்து வாங்குதல் வேண்டும். இக்கொடியோ ஒருமுறை ஊன்றினால் சில ஆண்டுகள் நின்று காய்ப்பதாகும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. அத்தகைய காலங்களில், மாட்டெருவையும் கூட்டெருவையும் கொண்டே வளரும் பயிரின் அருமை நன்கு விளங்கும்.

ஆயினும், கமக்காரர் பலர் இதனைத் தானே வளர்வதென விட்டுவிடுகின்றனர். முதிர்ந்த கொடி ஒரு மழைக்காலத்தில் வேரழுகி மாண்ட பின்னரே புதுக்கொடிக்கு வித்துத் தேடுகின்றனர். உலர்ந்த வித்தோ எக்கடையிலும் கிடையாது.

இதன் காரணத்தை அறிந்துகொள்ளல் நன்று. சௌசௌ மெக்சிக்கோ, குவாத்தமாலா நாடுகளுக்குரியது. ரியூனியன் தீவினரும் இதனைச் 'சூசூ' என்றே வழங்குவர். தமிழ்நாட்டில் பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் பெயருண்டு. பூசணி, பாகல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், ஒரு காயினுள் ஒரே ஒரு வித்துத்தான் உண்டு. அவ்வித்து உறங்குவதில்லை, காய் முற்றியதும் அதனுள்ளேயே முளைத்து, அகன்ற நுனியிலுள்ள பிளவின் வழியாக வெளிவருகின்றது. வித்தைப் பிரித்தெடுத்து உலர்த்தினால் அது இறந்துவிடும். எனவே காயே வித்தாகும். காயை முழுமையாகவே நடுதல் வேண்டும்.

வித்துக்காக விடப்படும் காய்களைச் சந்தைக்கென இளம்பருவத்திற் பறியாது, கொடியிலேயே நன்கு முற்றவிடுக. பின்னர் அவற்றை வெயில்படாத திண்ணையிற் பரப்பிவைத்தால் முளை தோன்றும். முளை நான்கைந்து அங்குலம் வளர்ந்ததும் நடலாம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் மேல்மண்ணுடன் நன்கு மக்கிய எரு பத்துக் கிலோகிராம் கலந்து நிரப்புக. காயைப் பக்கவாட்டிற் கிடத்தி, முளை மேல்நோக்க, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் மண்ணுள் இருக்குமாறு வைத்தல் வேண்டும். முழுவதும் புதைத்தால், நம் மலைநாட்டு ஈரத்தில் முளை வேரூன்றுமுன்னரே காய் அழுகிவிடும். நட்ட காய் சுருங்குவதைக் கண்டு அஞ்சவேண்டா. இளங்கொடிக்கு அதுவே முதல் உணவு. குழிக்கு இரண்டு காய்கள் ஊன்றி, பின்னர் வலியதை நிறுத்திக்கொள்க.

காயிலிருந்து வளரும் கொடி தாய்க்கொடியைப் போலவே காய்க்குமென்று கூறமுடியாது. இதன் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூப்பன. தேனீக்கள் அயலிலுள்ள கொடிகளின் மகரந்தத்தையும் கொணர்வதால், வழுவழுப்பான பச்சைக்காய்க் கொடியின் வித்திலிருந்து முள்ளடர்ந்த காயோ வெண்ணிறக் காயோ தோன்றுதல் கூடும். நற்கொடி ஒன்று கைக்கு வந்தபின் அதனை மாறாது காப்பதற்குத் தண்டுத்துண்டே தக்க வழியாகும்.

இக்கலை தோட்டத் தொழிலாளருக்குப் புதியதன்று. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வீ.பி. தேயிலை, தண்டுத்துண்டிலிருந்து வந்ததே. நாற்றுமேடையில் ஓரிலைத் துண்டுகளை ஊன்றிப் பழகிய கைகளுக்குச் சௌசௌ எளிது. எனினும் ஒரு வேறுபாடுண்டு. தேயிலைத் தண்டு கடினமானது. சௌசௌத் தண்டு நீர்ப்பற்றுடையதாகையால் விரைவில் அழுகும். ஆதலால் கொடியின் நுனித்தளிரைக் கொள்ளாது, அடிப்பகுதியிலிருந்து கிளைக்கும் இளந்தண்டுகளில் ஆறு முதல் எட்டு அங்குல நீளத்துக்குக் கூரிய கத்தியால் வெட்டுக. வெட்டு ஒரு கணுவின் கீழே அமைதல் வேண்டும். பற்றுக்கம்பிகளையும் கீழிலைகளையும் நீக்கி, மேலிலைகளைப் பாதியாகக் குறைத்து, மணல் கலந்த மண்ணில் இரண்டு கணுக்கள் புதையுமாறு ஊன்றி நிழலில் வைக்கலாம். மண் ஈரமாக இருந்தாற் போதும்; நீர் தேங்கலாகாது. சில வாரங்களிற் புதுத்தளிர் விரியும். மெல்ல இழுக்கையில் துண்டு அசையாது நின்றால் வேர் பிடித்ததென்று அறியலாம்.

தாய்க்கொடியைத் தெரிவதிற் கவனம் மிக வேண்டும். இலை சுருண்டு மஞ்சட்புள்ளி படர்ந்த கொடியிலிருந்து ஒரு துண்டேனும் எடுக்கலாகாது. நச்சுநோய் துண்டுடன் கூடவே வரும். வேரில் முடிச்சுகளை உண்டாக்கும் வட்டப்புழு உள்ள பாத்தியில் நின்ற கொடியாயின், நிலத்தின் மேலுள்ள தண்டை மட்டும் எடுத்துப் புதுமண்ணிற் பதிக்கலாம். அவ்விடத்து வேர்க்கட்டையைப் பிரித்து நடுதல் புழுவையும் நடுதலேயாகும்.

நடுகைக்கு மார்ச், ஏப்ரில் மாதங்கள் ஏற்றவை. நுவரெலியாப் பகுதியில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனி விழுந்து இளங்கொடியைக் கருக்கிவிடும். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கத்திலோ மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவமழை மிகுந்து வருமுன்னர் வேர் ஊன்றிவிடுதல் நலம். சரிவான நிலத்திற் குழியின் கீழ்ப்புறத்தில் பிறைவடிவ வரம்பு அமைத்து, மிகுநீரைக் கானுக்குத் திருப்புக. முதிர்ந்த கொடி பனியில் கருகினும், அடியை உலர்புல்லால் மூடியிருந்தால் கிழங்குவேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

பந்தல் ஆறடி உயரத்தில் வலுவாக அமைதல் வேண்டும்; காய்ப் பாரத்தையும் மழையில் நனைந்த இலைப் பாரத்தையும் ஒருங்கே தாங்கவேண்டுமல்லவா? பெருமளவிற் செய்வோர் எட்டடிக்கு ஆறடி இடைவெளி விடுவர். தனிவீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி பெற்ற குடும்பத்துக்கு இரண்டு கொடிகள் போதும். பந்தலின் கீழ்க் கோழிக்கூடும் வைக்கலாம். தேயிலைச் செடிமீது மட்டும் படரவிடாதீர். கொழுந்து குறையும், துரையின் கோபமும் வரும்!

நட்ட நான்கைந்து மாதங்களிற் காய் பறிக்கலாம். தளிரும் கறிக்குதவும், கிழங்கும் உண்ணத்தக்கது. விளைச்சல் குறையத் தொடங்கிய மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில், பழைய கொடி உயிருடன் நிற்கையிலேயே அதன் துண்டுகளை வேறிடத்தில் ஊன்றி, அவை பந்தலேறிய பின்னர் தாய்க்கொடியை அகழ்ந்து கிழங்கை எடுத்துக்கொள்க.