டீ ட்ரீ எண்ணெய்: பூசலாம், விழுங்கக் கூடாது

நடவு முடித்துக் கரையேறும் விவசாயியின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருவது, காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஏரிப்பாசன ஊர்களில் காலங்காலமாக உள்ள தொல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இப்போது அதே வீட்டுப் பிள்ளைக்கும் விரல் இடுக்கில் அரிப்பு வருகிறது. அவர் சேற்றில் இறங்குவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-லும், ஒரகடத்தில் 2010-லும் கார் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகளும் பெருகின. அங்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் ஷிப்டு முழுவதும் கனத்த பாதுகாப்பு பூட்ஸ் அணிந்து நிற்க வேண்டியுள்ளது. சேற்றில் ஊறிய காலுக்கும் வியர்வையில் ஊறிய காலுக்கும் நோய் வரக் காரணம் ஒன்றே. அது ஈரம்.

இத்தகைய அரிப்புக்கும் முகப்பருவுக்கும் என்று கடைகளில் விற்கப்படும் பொருள்களில் ஒன்று டீ ட்ரீ எண்ணெய். சோப்பு, ஷாம்பு, களிம்பு ஆகியவற்றில் கலந்தும், சிறு பாட்டில்களில் சுத்த எண்ணெயாகவும் இது கிடைக்கிறது. பிள்ளையின் முகத்துக்கு வாங்கிய பாட்டில் தந்தையின் காலுக்கும், பிறகு மாட்டுக் கொட்டகைக்கும் போய்ச் சேர்வது எளிது. எனவே இது எதற்கு உதவும், எங்கே தீங்கு செய்யும் என்பதை விவசாயக் குடும்பத்தினர் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை

பெயரில் 'டீ' இருந்தாலும் இது நீலகிரியில் விளையும் தேயிலைச் செடியிலிருந்து வருவதல்ல. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில், ஈரமான தாழ்நிலங்களில் இயற்கையாக வளரும் மெலலூக்கா ஆல்டர்னிபோலியா என்ற மரமே இதன் மூலம். நம் ஊர் நாவல், கொய்யா, தைலமரம் ஆகியவை இந்த மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய மருந்துப் பட்டியல்களில் காணப்படும் கையாப்புடைத் தைலம் இதன் நெருங்கிய இனத்திலிருந்து எடுக்கப்படுவது.

அப்பகுதியின் பழங்குடி மக்கள் இந்த இலையை நசுக்கிப் புண்களுக்கு வைத்துவந்தனர். 1920-களில் சிட்னி நகரத்து வேதியியலாளர் ஆர்தர் பென்போல்டு இந்த எண்ணெயின் கிருமிக்கொல்லித் தன்மையைச் சோதித்து வெளியிட்டார். இலைகளையும் இளங்கிளைகளையும் நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கப்படுகிறது. 100 கிலோ பச்சை இலையிலிருந்து 1 முதல் 2 கிலோ வரைதான் எண்ணெய் கிடைக்கும். அவ்வளவு இலையின் காரம் அந்தச் சிறு பாட்டிலில் அடங்கியிருக்கிறது. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போல இதைக் கருதுவதுதான் பல விபத்துகளுக்குக் காரணம்.

எதற்கு உதவும்?

முகப்பருவுக்கு இது ஓரளவு குணம் தருகிறது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ களிம்பு, வழக்கமான பென்சாயில் பெராக்சைடு மருந்தைவிட மெதுவாக வேலை செய்தாலும், எரிச்சல் குறைவாக இருந்தது. பொடுகுக்கு 5 சதவீத ஷாம்பு பயன் தந்ததாக 2002-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

விரல் இடுக்குப் பூஞ்சை நோய்க்கும் 2002-ல் 158 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. 25 சதவீதக் கரைசல் பூசியவர்களில் 100-க்கு 72 பேருக்கும், 50 சதவீதக் கரைசல் பூசியவர்களில் 100-க்கு 68 பேருக்கும் நல்ல குணம் தெரிந்தது. மருந்தில்லாத வெறும் கரைசல் பூசியவர்களிலும் 100-க்கு 39 பேருக்குக் குணம் தெரிந்தது. காரத்தை இரட்டிப்பாக்கியதால் குணம் இரட்டிப்பாகவில்லை. எண்ணெய் பூசியவர்களில் நால்வருக்குத் தோல் வெந்து தடித்துப்போனதால் நிறுத்த வேண்டியதாயிற்று.

சேற்றுப்புண்ணில் பூஞ்சையுடன் வேறு கிருமிகளும் சேர்ந்திருக்கலாம். ஆகவே எந்த மருந்து பூசினாலும், காலைக் கழுவி, விரல் இடுக்கை நன்றாகத் துடைத்து உலர்த்துவதே முதல் வைத்தியம். பூட்ஸ் அணிபவர்கள் தினமும் துவைத்த பருத்திக் காலுறை அணிய வேண்டும். பூட்ஸைக் கழற்றியதும் காற்றாட வைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் கால்புண்ணுக்கு இந்த எண்ணெயைத் தாமாகப் பூசாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கலக்கும் அளவு

சுத்த எண்ணெயை அப்படியே தோலில் பூசக் கூடாது. 1 மி.லி. டீ ட்ரீ எண்ணெய்க்கு 19 மி.லி. தேங்காய் எண்ணெய் சேர்த்தால் 5 சதவீதக் கலவை ஆகும். வீட்டு உபயோகத்துக்கு இதற்கு மேல் காரம் வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்தால் தவறு நேராது. இது தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். ஆகவே தண்ணீரில் சொட்டுவிட்டுப் பூசினால் சுத்த எண்ணெயே தோலில் படும்.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுக் கலவையைத் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். சிவந்தாலோ அரித்தாலோ அது அந்த உடம்புக்கு ஆகாது. கண், காது, வாய், ஆழமான வெட்டுக்காயம், தீக்காயம் ஆகியவற்றில் படக் கூடாது. கைக்குழந்தைகளுக்குப் பூசக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் உபயோகிக்க வேண்டாம்.

பழைய எண்ணெய்க்குக் காரம் போய்விட்டிருக்கும், தீங்கு செய்யாது என்று எண்ணுவது தவறு. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்ட எண்ணெயில் தோலை அலர்ஜிக்கு உள்ளாக்கும் பொருள்கள் உண்டாகின்றன. எண்ணெயை நிறமுள்ள கண்ணாடிப் பாட்டிலில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பங்கரையில் வைக்கக் கூடாது.

விழுங்கினால் விஷம்

இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் இரண்டு சொட்டுக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. 10 மி.லி.க்கும் குறைவாக விழுங்கிய, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் நடக்க முடியாமல் தள்ளாடி மயக்க நிலைக்குச் சென்ற சம்பவங்கள் 1990-களில் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. 10 மி.லி. என்பது இரண்டு தேக்கரண்டி அளவே. உடன் சிகிச்சை கிடைத்ததால் அந்தக் குழந்தைகள் பிழைத்தன. யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம் ஆகியவற்றை விழுங்கும் குழந்தைகளுக்கு வலிப்பும் வரும்.

குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து அதிகமாகும். பாலோ எண்ணெயோ புகட்டாமல், 108 ஆம்புலன்சை அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இவ்வகை எண்ணெய்கள் எல்லாவற்றையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மருந்து பாட்டில்களிலிருந்து தனியே வைப்பது நல்லது.

மாட்டுக்கும் நாய்க்கும்

அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை, சுத்த டீ ட்ரீ எண்ணெயால் பாதிப்புக்கு ஆளானதாக 443 நாய், பூனைகள் பற்றிய விவரங்கள் பதிவாயின. உண்ணிக்கும் சொறிக்கும் என்று நல்லெண்ணத்தில் பூசியதே பலவற்றில் காரணம். எச்சில் ஒழுகுதல், நடுக்கம், கால் தளர்ச்சி ஆகியவை அறிகுறிகள். பூனைகளும் குட்டிகளும் அதிகம் பாதிக்கப்படும்.

மாடு தன் உடம்பையும் கன்றையும் நக்கும் இயல்புடையது. தோலில் பூசியது வயிற்றுக்குப் போகும். கறவை மாட்டின் மடியில் பூசினால் பாலிலும் வாடை ஏறும். ஆஸ்திரேலியாவில் செம்மறியாட்டுப் பேனுக்கு 1 முதல் 2 சதவீதக் கரைசல் பலன் தந்துள்ளது. ஆனால் அது தண்ணீரில் கலக்கும்படி தனியாகத் தயாரிக்கப்பட்ட மருந்து. வீட்டில் கலப்பது அதற்கு ஈடாகாது.

காயத்துக்குக் கைவசம் உள்ள மருந்தே போதும். குப்பைமேனி, வேப்பிலை, மருதாணி, துளசி இலைகள் தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, 500 மி.லி. தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்து, காயத்தைச் சுத்தம் செய்து பூசலாம். தேசிய பால்வள வாரியமும் கால்நடைகளுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கிறது. ஆழமான புண்ணுக்குக் கால்நடை மருத்துவரையே காட்ட வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியை அழைக்கலாம்.

பயிரிடலாமா?

எண்ணெய் விலையைக் கேட்டு, கன்று வாங்கி நடும் ஆசை எழுவது இயற்கை. ஆனால் இந்த மரம் ஈரத்தை விரும்புவது. இலையை விற்கச் சந்தை இல்லை. எண்ணெய்தான் சரக்கு. அதற்கு வாலை வேண்டும், எரிபொருள் வேண்டும், எண்ணெயின் தரத்தைப் பரிசோதித்து வாங்கும் ஆள் வேண்டும். இவை கையில் இல்லாத சிறு விவசாயிக்குக் கன்றுச் செலவே நட்டமாகும்.

"கன்றை வாங்குங்கள், விளைச்சலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் 2012-ல் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்கள் பட்ட பாடு மறக்கத் தக்கதல்ல. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டிய பிறகே முன்பணம் தர வேண்டும்.

அளவோடு கலந்து, தோலின் மேல் மட்டும், பெரியவர்கள் உபயோகித்தால் இந்த எண்ணெய் பயன் தரும். வாய்க்கும் கன்றுக்கும் குழந்தைக்கும் இது மருந்தல்ல. சேற்றுப்புண்ணுக்கோ, ஈரம் போக உலர்த்திய காலே பாதி மருந்து.