உப்புக்கு வழிவிட்ட மருந்து

வியர்வை கரிப்பது இயல்பே. அக்கரிப்பு அளவு மீறுவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனும் மரபுநோயின் அடையாளம். மூச்சுக்குழாய்ச் செல்களிலிருந்து குளோரைடு அயனிகள் வெளியேற ஒரு புரத வாயில் உண்டு. அது செயலிழந்தால், உப்பைத் தொடர்ந்து வரவேண்டிய நீரும் வருவதில்லை. சளி பசைபோல் இறுகி, அதில் கிருமிகள் குடியேறுகின்றன.

அப்புரதத்துக்கான மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. மரபணுவையே மாற்றிவிடலாம் என்று பலரும் நம்பினர். பலன் கிட்டியதோ வேறு வழியில். 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐவகாஃப்டர், செல்லின் மேற்பரப்பை அடைந்தும் திறவாத வாயிலைத் திறக்கவைத்தது. ஆனால், பெரும்பாலோரிடம் காணப்படும் பிழை வேறு. 1,480 அமினோ அமிலங்களில் 508-ஆவது விடுபடுவதால், புரதம் சரிவர மடியாமல் செல்லுக்குள்ளேயே சிதைக்கப்படுகிறது. அதை மடியச் செய்து மேற்பரப்புக்கு அனுப்ப உதவும் இரு மருந்துகளை ஐவகாஃப்டருடன் சேர்த்த டிரிகாஃப்டா 2019-இல் வந்தது. மரபணுப் பிழை அப்படியே இருப்பதால், மாத்திரையை நிறுத்தவே இயலாது.

அறிமுகமானபோது அதன் ஆண்டு விலை 3 லட்சம் டாலருக்கும் அதிகம். இம்மருந்துகளுக்கான தொடக்ககால ஆய்வுக்கு நிதியளித்த நோயாளர் அறக்கட்டளை, நன்கொடைகளால் வளர்ந்தது. எனவே, விலையைக் கேள்வி கேட்க அக்குடும்பங்களுக்கு முழு உரிமை உண்டு என்பேன். புரதமே உருவாகாதவர்களுக்கோ எந்த விலையிலும் இது பயன்படாது, அவர்களுக்கான ஆர்.என்.ஏ. சிகிச்சைகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.