வேனில் போய் அருவாள் காய்ச்சி வந்தோம்

விதை, எரு, பூச்சிவிரட்டி பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கையில் பிடிக்கிற இரும்பைப் பற்றிப் பேசுவது குறைவு. களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்தவனுக்குக் களைக்கொத்திதான் எல்லாம். அது மொண்ணையாக இருந்தால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளுக்கு இழுக்கும். களையெடுக்கும் பெண்களின் மணிக்கட்டு வலி நம் கணக்கு நோட்டில் ஏறாது. ஆனால் அந்த வலி அங்கே இருக்கத்தான் செய்யும்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர்ப் பட்டறை மூடி ஆறு வருஷம் ஆச்சு. கடை அருவாள் வாங்கிப் பார்த்தோம். ஒரு சோள அறுப்புக்குக்கூட வாய் நிற்கவில்லை. அதனால் வருஷா வருஷம் ஆனி மாதம், ஆடிப்பட்டத்துக்கு முன்னால், நாங்கள் நாலு பேர் திருப்பாச்சேத்திப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போகிறோம். அருவாளுக்குப் பேர்போன ஊர், சிவகங்கை மாவட்டம். சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவோம்.

போவது என் பழைய வேனில். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டில் போட்டிருக்கிறேன். அடியில் கருவிகள், ஓரத்தில் தண்ணீர் கேன், சின்ன அடுப்பு, கொசுவலை. இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே பாயில். "பஸ்ஸில் போய் வந்தால் என்ன?" என்று வீட்டில் கேட்டார்கள். கடப்பாரையும் மம்பட்டியும் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்பது ஒன்று. பட்டறையில் முக்கியமான வேலை விடிவதற்கு முன்னால் நடக்கிறது என்பது இன்னொன்று. இரும்பின் சூட்டை நிறம் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெயில் ஏறினால் நிறம் ஏமாற்றும். அதனால் பட்டறை வாசலிலேயே படுத்து எழுந்தால்தான் சரிப்படும்.

போன வருஷம் ஒரு சோதனைச் சாவடியில் வேனைத் திறக்கச் சொன்னார்கள். சாக்குக்குள் 23 அருவாள்! காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யார் யாருடையது என்று எழுதிய பட்டியலைக் காட்டிய பிறகுதான் சிரித்தார். வங்கிப் பழக்கம் அன்றைக்குக் காப்பாற்றியது. நீங்கள் போனாலும் பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள், வாய்ப்பக்கத்தைச் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள்.

இனி, அங்கே நான் கற்றுக்கொண்டது.

முதலில் இரும்பு. எல்லா இரும்பும் வாய் பிடிக்காது. கட்டடக் கம்பி, தகடு மாதிரியான மெல்லிரும்பில் கார்பன் குறைவு. எவ்வளவு காய்ச்சி அடித்தாலும் விறைக்காது. லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.6 சதவீதம் வாக்கில் இருக்கும்; அது விறைக்கும். சாணைக்கல்லில் லேசாக வைத்தால் தெரிந்துவிடும். மெல்லிரும்பில் பொறி நீளக் கோடாகப் போகும், ஸ்பிரிங் பட்டையில் மத்தாப்பு மாதிரி கிளைவிட்டு வெடிக்கும். நாகம் பூசிய பழைய குழாய், தகடு எதையும் உலையில் போடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

இரண்டாவது, துவைச்சல். அடித்து வாய் எடுத்தபின், பழுத்த மிளகாய் நிறத்தையும் தாண்டிக் கொஞ்சம் வெளுக்கும்வரை காய்ச்ச வேண்டும். புதியவர்களுக்கு ஒரு காந்தம் போதும். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அதற்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் முக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடலாம். எண்ணெய் குப்பென்று பற்றும். டப்பாவுக்கு இரும்பு மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.

மூன்றாவது, பதம் இறக்குவது. துவைத்த வாய் கண்ணாடி மாதிரி; அப்படியே வேலைக்குப் போனால் கல்லில் பட்டு உதிரும். வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப்பக்கம் இருந்து மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நிறங்கள் வாயை நோக்கி ஓடிவரும். கதிர் அறுக்கும் அருவாளுக்கு வைக்கோல் நிறத்தில், ஏறக்குறைய 230 டிகிரியில், நிறுத்தலாம். கல்லில் மோதுகிற கோடாலி, மண்வெட்டிக்கு ஊதா நிறம் வரை, 280 டிகிரி வாக்கில், விடலாம்.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் உண்டு. மோட்டார் சாணையில் பிடிக்கும்போது வாய் நீலமானால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் நனைத்து, பொறுமையாகப் பிடியுங்கள். அரம் இன்னும் நல்லது.

நான் முதல் தடவை ஒரு அருவாளை உலையில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தால் நுனி பூவாணம் மாதிரி பொரிந்துகொண்டிருந்தது. எரிந்த இரும்பு எரிந்ததுதான், அடித்து மீட்க முடியாது. "சார், தீயில வச்சா கண்ணையும் அங்கயே வச்சிரணும்" என்றார் ஆசாரி. எழுபதைத் தாண்டியவர். மகன் வெளியூரில். சீமைக்கருவேலக் கரி ஊதுகிற வேலையைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கே மனசில்லை.

அன்றைக்கு ராத்திரி வேனில் தூக்கம் வரவில்லை. நான் கிளையில் கடன் பிரிவில் இருந்தபோது, ஊதுலைக்கு மோட்டாரும் ஒரு பட்டடைக்கல்லும் வாங்கக் கடன் கேட்டு ஒரு ஆசாரி வந்தார். ஜாமீனுக்கு ஆள் இல்லை என்று மனுவைத் திருப்பினேன். விதிப்படி சரிதான். ஆனால் அவர் பட்டறை எத்தனை ஊருக்கு வாய் எடுத்துக் கொடுத்தது என்று நான் கேட்கவேயில்லை. அது எந்தப் படிவத்திலும் கட்டமாக இல்லை.

இப்போது நாங்கள் செய்வது சின்னது. விலை பேரம் பேசுவதில்லை. அடுத்த வருஷ வேலைக்குத் தையிலேயே முன்பணம் கொடுத்துவிடுகிறோம். வேலை இல்லாத மாதத்தில் அது அவருக்குக் கரிக்கு ஆகிறது. எங்களில் இளையவர் ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை போய் சம்மட்டி பிடிக்கிறார். இப்போது களைக்கொத்திக்கு வாய் எடுக்கிறார். துவைச்சல் இன்னும் கைக்கு வரவில்லை.

உங்கள் பக்கத்தில் உலை எரிகிற பட்டறை ஒன்று இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். இருந்தால், மொண்ணையான கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் போங்கள். கூடவே வீட்டுப் பிள்ளை ஒன்றையும் அழைத்துப் போங்கள்.