தூண்டிலை எடுக்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிக்கரையில் உள்ள சிபால்ட் பொயின்ற் மாகாணப் பூங்காவில் ஒரு முகாம் இடத்துக்கு ஆறு பேர்தான். ஒரே குடும்பம் என்றால் விலக்கு உண்டு. ஆனால் ஒன்ராறியோப் பூங்காக்காரர் குடும்பம் என்று கருதுவது பெற்றோரையும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும்தான். சித்தப்பாவின் மைத்துனர் அதில் வரமாட்டார். பதிவு ஐந்து மாதம் முன்னதாகக் காலை 7 மணிக்குத் திறக்கும். கூட்டமாகப் போகிறவர்கள் அப்போதே குழு முகாம் இடத்தையோ அருகருகே இரண்டு இடங்களையோ எடுத்துவிடுவது நல்லது. பகலில் வந்துபோகும் விருந்தாளிகளும் வாகன அனுமதி எடுக்க வேண்டும், இரவு 10 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். மே மாதத்தில் வரும் விக்டோரியா நாள் வார இறுதியில் பல பூங்காக்களில் மதுவுக்கு முழுத் தடை. இரைச்சலுக்காகவோ மதுவுக்காகவோ வெளியேற்றினால் கட்டிய காசும் திரும்ப வராது.

மீன்பிடிக்கு வருவோம். ஒன்ராறியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயதினருக்கு அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி லைசன்ஸும் வேண்டும். அதற்குக் கீழும் மேலும் உள்ளவர்களுக்கு வயதைக் காட்டும் அரச அடையாள அட்டை போதும். பலர் சறுக்குவது இங்கேதான்: ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் எழுபது வயது அப்பாவுக்கு இந்தச் சலுகை இல்லை. "கொஞ்சம் பிடியுங்கோ அப்பா" என்று தூண்டிலைக் கையில் கொடுத்தாலும் அவர் மீன்பிடிக்கிறார் என்றுதான் சட்டம் பார்க்கும். சிம்கோ ஏரியில் உறைபனி இல்லாத காலத்தில் ஒருவருக்கு ஒரு தூண்டில் மட்டுமே. கரையில் இரண்டைக் குத்தி வைத்துவிட்டு இறைச்சி வாட்டப் போக முடியாது. மே மாத நீண்ட வார இறுதியில் அங்கே பாஸ் மீனுக்குப் பருவம் திறந்திருக்காது. தற்செயலாகக் கொளுவினால் உடனே விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று நம் சமையல் பழக்கத்தோடு மோதுகிறது. பிடித்த மீனைத் தோலுரித்துக் கறித்துண்டுகளாக வெட்டி, ஒரே பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றமாகிவிடலாம். என்ன மீன், எத்தனை மீன் என்பதை அதிகாரி பார்த்ததும் அறியக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் துண்டில் ஒரு பகுதித் தோலை விடச் சொல்கிறார்கள். வெட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாமே.

கன்சர்வேஷன் அதிகாரி லைசன்ஸ் கேட்கலாம், ஐஸ் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். அது அவருடைய அதிகாரம், வாக்குவாதம் வேண்டாம். அபராதச் சீட்டுத் தந்தால் பயந்துபோய் உடனே கட்டவும் வேண்டியதில்லை. பதில் அளிக்க 15 நாள் உண்டு. கட்டலாம், வழக்குத் தொடுநரைச் சந்தித்துப் பேசலாம், அல்லது விசாரணை கேட்கலாம். விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை, அதற்குக் கட்டணம் இல்லை. சீட்டைப் பேசாமல் மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவதுதான் கெட்ட வழி. நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

ஆனால் கரையில் வந்து மறிப்பவர் எல்லாரும் அதிகாரி அல்ல. 2007இல் இதே சிம்கோ ஏரியின் தென்கரையிலும் ஒன்ராறியோவின் வேறு சில இடங்களிலும் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஆசிய வம்சாவளியினர் தாக்கப்பட்டார்கள், தண்ணீருக்குள் தள்ளப்பட்டார்கள். ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் இதை விசாரித்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. 'இவர்கள் மீன்பிடி விதிகளை மதிப்பதில்லை' என்ற பொதுமுத்திரையும் அந்த விசாரணையில் பேசப்பட்டது. விதியை ஒருவர் மீறினாலும் கேட்க வேண்டியவர் அதிகாரி. அயல்வீட்டுக்காரரோ குடித்துவிட்டு வரும் இளைஞர்களோ அல்ல. தனியார் இறங்குதுறையில் நின்றால் மட்டும் உரிமையாளர் போகச் சொல்லலாம், போய்விட வேண்டும். பொது இடத்தில் மிரட்டினாலோ கை வைத்தாலோ 911. வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனத்தைச் சொல்லித் திட்டியிருந்தால் அந்தச் சொற்களைப் பொலிஸ் பதிவில் எழுதச் செய்யுங்கள்; வெறுப்பே காரணம் என்று நிரூபணமானால் தண்டனை கூடும். முகாம்காரரோ படகுக் கடைக்காரரோ இனம் பார்த்துச் சேவை மறுத்தால் ஓராண்டுக்குள் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனித உரிமைச் சட்ட உதவி நிலையம் இலவசமாக ஆலோசனை தரும்.

மனிதரைவிட எனக்குப் பயம் ஏரியில்தான். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் நீராடும் கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. சிபால்ட் பொயின்ற் தென்கரையில் இருப்பதால் தெற்குக் காற்று கரையிலிருந்து ஏரிக்குள் தள்ளும். கரையோரத் தண்ணீர் அமைதியாகவே தெரியும். காற்றடைத்த மிதவையில் பிள்ளை சாய்ந்திருக்க, நாம் கோழி பிரட்டித் திரும்புவதற்குள் அது நீந்தி எட்ட முடியாத தூரம் போயிருக்கும். மே மாதத்தில் தண்ணீர் மிகக் குளிர். விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சுக் கட்டுப்படாது, அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைகால் வேலை செய்யாமல் போகும். நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதைதான். படகில் ஆளுக்கொரு அளவான லைஃப் ஜாக்கெட் இருப்பது சட்டம். இருக்கையின் கீழே கிடந்தால் சட்டம் திருப்திப்படும், உயிர் தப்பாது. பல பூங்காக்களில் முற்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருவார்கள், பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். மோட்டார் படகு ஓட்ட தகுதி அட்டை வேண்டும். குடித்துவிட்டு ஓட்டினால் கார் லைசன்ஸும் போகும்.

இரவில் மழை பிடித்துக்கொள்ளும், குளிரும். கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ வாசல் மறைப்புக்குள்ளோ எடுக்கவே வேண்டாம். தணல் சாம்பல் பூத்திருந்தாலும் கார்பன் மொனொக்சைட் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு மணமில்லை, தூங்குகிறவர்களுக்கு எழும்ப வாய்ப்பே கிடைக்காது. தலையிடியும் குமட்டலும் எல்லாருக்கும் ஒன்றாக வந்தால் அது சாப்பாட்டால் என்று நினைக்காமல் முதலில் வெளியே வாருங்கள், பிறகு 911. மிஞ்சிய கறிச்சட்டியும் ஐஸ் பெட்டியும் இரவில் காருக்குள் போக வேண்டும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள், பூச்சி பரவுவது அதனால்தான்.

வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி என்று பிள்ளைகளைத் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் நெருப்போ எண்ணெயோ வைக்காமல் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். எடுத்த உண்ணியைப் போத்தலில் போட்டு, எந்த நாள் என்று எழுதி வையுங்கள். 2023 ஜனவரி முதல் ஒன்ராறியோ மருந்தாளுநர்களே லைம் நோய்த் தடுப்பு மருந்தை எழுதித் தரலாம், ஆனால் அதற்கு அவகாசம் உண்ணியை எடுத்து 72 மணித்தியாலம்தான். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பிடித்துவந்த பெரிய மீனைக் கொடுக்குமுன் மாகாண அரசின் மீனுணவு வழிகாட்டியில் அந்த ஏரியைத் தேடிப் பாருங்கள். எந்த மீன், எந்த நீளம், மாதத்துக்கு எத்தனை தடவை என்று அதில் இருக்கும். பாதரசம் பெரிய மீனில்தான் அதிகம் சேர்ந்திருக்கும்.